அந்த வெள்ளி எத்தனை டச்சு?

அன்புள்ள அண்ணாவுக்கு,

செவ்வாய்ப்பேட்டைல சின்னதா வெள்ளிப் பட்டறை வச்சிருக்கேன், கொலுசு வேலை. பையனுக்கு பதிமூணு வயசு, காந்தி ஸ்டேடியத்துல ஃபுட்பால் பழகறான். நம்ம பக்கத்து சின்னப்பம்பட்டில இருந்து நடராஜன் போன மாதிரி கிரிக்கெட்ல விடு, ஃபுட்பால்ல சோறு கிடைக்காதுன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்றாங்க. 1964 ஏசியன் கப்ல வெள்ளி வாங்குன நாடு நம்மது. இப்ப சிங்கப்பூர்கிட்ட கோவாலயே தோத்து 2027 கப்புக்கே போக முடியல. எல்லாம் அரபு நாட்டுக் காசு வந்ததால தானே? பையனை விடலாமா வேணாமா, நீங்க சொல்லுங்க.

சே., சேலம்

தம்பி சே.,

உங்க கடிதம் வந்த அன்னிக்கு காலைல தான் எங்க வீட்டுப் பரண்ல ஒரு கப்பு கிடைச்சுது, அதப் பத்தி அப்புறம் சொல்றேன், இல்லன்னா நான் இவ்ளோ சீக்கிரம் பதில் போடற ஆளும் இல்ல.

மொதல்ல ஒரு திட்டு. அரபு காசு அரபு காசுன்னு எழுதி இருக்கீங்க. 68, 72, 76 மூணு தடவை வரிசையா ஜெயிச்சது ஈரான், நாலு தடவை ஜெயிச்சது ஜப்பான், இவங்க எல்லாம் அரபா? சிங்கப்பூர் நம்மள 2-1ல தோக்கடிச்சானே, அவன் எந்த பாலைவனத்துல எண்ணெய் தோண்டுனான்? இதுக்கு மேல இதுல பேச ஒண்ணுமில்ல, விட்ருங்க.

ஆனா அந்த "வெள்ளி"ய மட்டும் நான் விட மாட்டேன். நீங்க பட்டறைக்காரர். எவனாவது ஒரு கொலுசக் கொண்டு வந்து சுத்த வெள்ளின்னு சொன்னா அப்படியே எடுத்துக்குவீங்களா, எத்தனை டச்சு, அதாவது நூத்துக்கு எவ்ளோ சுத்த வெள்ளின்னு உரசிப் பாப்பீங்கல்ல? அப்ப 64க்கும் பாருங்க. போட்டி நடந்தது இஸ்ரேல்ல. அங்க போய் ஆட மாட்டோம்னு நிறைய நாடு ஒதுங்கிடுச்சு, நம்ம மண்டலத்துல நம்மளத் தவிர எல்லாரும் விலகிட்டாங்க, நம்ம ஒரு தகுதிச் சுத்து மேட்ச் கூட ஆடாம உள்ள போயிட்டோம். உள்ள மொத்தமே நாலு டீம் தான், இஸ்ரேல், இந்தியா, தென் கொரியா, ஹாங்காங். ஃபைனல்னு ஒண்ணே கிடையாது, எல்லாரும் எல்லார்கூடவும் ஒரு தடவை ஆடணும், பாயிண்ட் எண்ணுவாங்க, அவ்ளோதான். அதுக்கு முந்துன 1960 கப்புக்கு தகுதிச் சுத்து எங்க நடந்துச்சு தெரியுமா, நம்ம எர்ணாகுளத்துல, அங்க எதிராளிங்க வந்தாங்க, ஆடினாங்க, நம்ம தேறல, இஸ்ரேல் போச்சு. வந்தப்ப தோத்தோம், வராதப்ப போனோம், இத மறைச்சுட்டு ஆசியாவுலயே ரெண்டாவதுன்னு மீசைய முறுக்குனா எனக்குக் கூச்சமா இருக்கு.

அதுக்காக எல்லாமே முலாம்னு சொல்லல தம்பி. மே 27ம் தேதி தென் கொரியாவ 2-0 ஜெயிச்சோம் பாருங்க, அது நூறு டச்சு. அவங்க 56லயும் 60லயும் கப்பு அடிச்சவங்க. அப்பலராஜு ஒண்ணு, இந்தர் சிங் ஒண்ணு, சுனி கோஸ்வாமி கேப்டன். ஆனா அது என்ன தேதின்னு திரும்பப் பாருங்க. நேரு செத்த அன்னிக்கு. எங்கப்பா அப்ப ஏற்காட்ல எஸ்டேட் பையன், ரைட்டர் ஆபீஸ் ரேடியோவச் சுத்தி லைன் வீட்டு சனம் பூரா நின்னு அழுதுச்சாம், பொம்பளைங்க தலையில கட்டுன துணியக் கூட அவுக்காம அப்படியே உக்காந்துட்டாங்களாம். அன்னிக்கு எவன் ஃபுட்பால் கேப்பான்? அந்த மேட்ச்ச நம்ம ஜெயிச்சோம்னே அப்பாவுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு தான் தெரியும், அதுவும் ஒண்டிக்கடை டீக்கடைல எவனோ பந்தயம் கட்டும்போது. அந்த மேட்ச்சுக்கு ரெண்டு நாள் கழிச்சு இஸ்ரேல்கிட்ட 2-0 தோத்தோம், ஹாங்காங்க 3-1 ஜெயிச்சோம், ரெண்டாவது இடம்.

நான் நிஜமாவே கோவப்படற இடம் வேற. 64ல வராதவங்களால நம்ம உள்ள போனோம், சரி. அப்புறம் 72, 76, 80 மூணு கப்புக்கும் நம்ம பேரே குடுக்கல தம்பி! தோத்து வெளிய வந்திருந்தா கூடப் பரவால்ல, போகவே இல்ல. அந்தப் பன்னெண்டு வருஷத்துல மத்தவன் எல்லாம் அடி வாங்கி வாங்கிக் கத்துக்கிட்டான். நம்ம திரும்ப உள்ள போனது 84ல சிங்கப்பூருக்கு, ஈரானோட 0-0 நிப்பாட்டுனது ஒண்ணு தான் மிச்சம், ஒரு கோல் கூட அடிக்காம வந்தோம். அப்புறம் 2011 வரைக்கும் இல்ல. 2019ல தாய்லாந்த 4-1 போட்டோம்ல, 64க்கு அப்புறம் இந்தக் கப்புல நம்ம ஜெயிச்ச மொத மேட்ச் அது, அம்பத்தஞ்சு வருஷம்!

கப்பு கதைக்கு வரேன். எனக்கு பதினாறு வயசு, மலைக்கு மேல எஸ்டேட் டீமுங்க நாலு சேந்து ஒரு போட்டி வச்சாங்க. கிரவுண்டுன்னா ஒரு பக்க போஸ்ட் மேட்டுல, இன்னொண்ணு பள்ளத்துல, பந்து காப்பிச் செடிக்குள்ள உருண்டா மேட்ச் நிக்கும், மேகம் இறங்குனா கோல் கீப்பருக்கே போஸ்ட் தெரியாது. செமில எங்களோட ஆட வேண்டிய டீமோட லாரி பதினோராவது கொண்டை ஊசில படுத்துடுச்சு. வாக்ஓவர், ஆடாமலே நாங்க ஃபைனல் போயிட்டோம். ஃபைனல்ல அஞ்சு கோல் வாங்குனோம். ஆக மொத்தம் ஆடுனது ஒரு மேட்ச், அதுலயும் அடி, கைல ரன்னர்ஸ் கப்பு! வீட்டுக்குள்ள நுழையும்போது அப்பா மொளகு காய வச்சுட்டு இருந்தாரு, கப்ப வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, "எவனடா ஜெயிச்ச?" ன்னு ஒரே கேள்வி. கைல எடுத்தவர் ஷோகேஸ்ல வைக்கல, அம்மாகிட்ட குடுத்துட்டாரு, அம்மா அதுல பட்டன் ஊசி நூல் போட்டு வச்சாங்க. இப்ப பரண்ல கிடைச்சப்பவும் உள்ள ரெண்டு பட்டன் கிடந்துச்சு, ஒண்ணு என் ஸ்கூல் சட்டையோடது.

போலின்னதும் ஞாபகம் வருது, உங்க தொழில் கதை தான். 1960ல ஜெயிச்ச கொரியாக்காரங்களுக்குக் குடுத்த தங்க மெடல் வெறும் முலாம்னு தெரிஞ்சு ப்ளேயருங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. நிஜத் தங்கத்துல செஞ்சு குடுக்க அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள பாதிப் பேர் போய்ச் சேந்துட்டாங்க, வீட்டாளுங்க தான் வாங்குனாங்க. கொரியா அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் இந்தக் கப்ப அடிக்கவே இல்ல, மெடல் சாபம்னு அங்க ஒரு பேச்சு.

அப்பாவோட நான் கடைசியா முழுசாப் பாத்த மேட்ச் 2007 ஃபைனல், ஜகார்த்தால, ஈராக் சவுதி. செமில ஈராக் கொரியாவ பெனால்டில ஜெயிச்ச அன்னிக்கு பாக்தாத்ல தெருவுல ஆடிக் கொண்டாடுன சனத்து நடுவுல குண்டு வெடிச்சு அம்பது பேர்கிட்ட செத்தாங்க. நாலு நாள் கழிச்சு அந்தப் பசங்க வந்து நின்னாங்க தம்பி, ஆடினாங்க. கார்னர் வந்துச்சு, யூனிஸ் மஹ்மூத் தலையால போட்டான், 1-0. நான் கத்திட்டு இருக்கேன், அப்பா கோல் அடிச்சவன விட்டுட்டு "கார்னர் தூக்குன பையன் பேரு என்ன"ன்னு கேக்கறாரு. அவரும் ஒரு காலத்துல எஸ்டேட் டீமுக்கு கார்னர் எடுத்தவர். ஹவார்னு சொன்னேன், ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாரு.

பையன் விஷயம் கேட்டீங்கள்ல. சோறு கிடைக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும், நடராஜனுக்கும் ஆரம்பத்துல எவனும் எழுதிக் குடுக்கல. அவன் பேரு வாக்ஓவர் இல்லாத போட்டில இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. அவன் எந்த எடத்துல ஆடறான்னு நீங்க எழுதவே இல்ல, அத விட்டுட்டு அரபுக் காசப் பத்தி ஒரு கேள்வி.

ஒரு ஞாயித்துக்கிழமை பையனக் கூட்டிட்டு மேல வாங்க. கப்ப எடுத்து வைக்கறேன், எத்தனை டச்சுன்னு உரசிப் பாத்துச் சொல்லுங்க. அலுமினியம் தான்னு எனக்கே தெரியும், இருந்தாலும் தொழில்காரர் வாயால கேக்கணும்.