பருத்தி மார் கிடக்கிறது, ப்ரிக்கெட் மெஷின் போடலாமா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் எனக்கு ஆறு ஏக்கர் இருக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். சொந்தக்காரர்கள் நிலத்தையும் சேர்த்தால் நாற்பது ஏக்கர் வரும். பருத்தி மாரை, அதாவது எடுப்பு முடிந்து நிற்கும் செடித் தண்டை, வருஷா வருஷம் பிடுங்கி எரித்துவிடுகிறோம். போன மாதம் ஒரு ஏஜென்ட் வந்தார். பயிர்க் கழிவை அழுத்தி எரிபொருள் கட்டையாக்கும் ப்ரிக்கெட் மெஷினை 38 லட்சத்தில் போட்டுத் தருகிறோம், மணிக்கு ஒரு டன் ஓடும், 35 சதவீதம் மானியம், அதற்கு மேல் மத்திய அரசின் 9 லட்சமும் கிடைக்கும், செய்வதை எல்லாம் மூன்று வருஷத்துக்கு நாங்களே வாங்கிக்கொள்வோம் என்கிறார். மானியத்தை 'புக்' பண்ண ஒன்றரை லட்சம் முன்பணம் கேட்கிறார். டோக்கனாகப் பத்தாயிரம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மெஷினும் இப்போதைக்கு வேண்டாம். பருத்தி மாரை எரிக்கவும் வேண்டாம், அதைக் காசாக்கச் சின்னதாக ஒரு வழி இருக்கிறது. முதலில் ஏஜென்ட் சொன்ன கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மணிக்கு ஒரு டன் ஓடும் மெஷினை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள் ஓட்டினால்தான் வங்கித் தவணை கட்ட முடியும். அது 2,000 டன் கட்டை. ஏக்கருக்கு ஒரு டன் மார் கிடைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாற்பது ஏக்கரும் சேர்ந்து மெஷினுக்கு ஐந்து நாள் தீனி. மீதி 245 நாளுக்கு ஊர் ஊராகப் போய் மார் வாங்க வேண்டும். நீங்கள் தேடிப் போகிறீர்கள் என்று தெரிந்த அடுத்த வாரமே, இதுவரை சும்மா எரித்துக்கொண்டிருந்தவர் விலை சொல்ல ஆரம்பிப்பார். தப்பில்லை, அவர் பொருள். ஆனால் ஏஜென்ட் கொடுத்த திட்ட அறிக்கையில் மூலப்பொருள் விலை மூன்று வருஷத்துக்கும் ஒரே எண்ணாக இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். பிடுங்கிய மாரின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட ஈரமாக இருக்கலாம். ப்ரிக்கெட் மெஷினுக்கு அது 10, 12 சதவீதத்துக்குள் வர வேண்டும். பசை எதுவும் சேர்க்காமல், அழுத்தத்திலும் சூட்டிலும் செடியில் இருக்கும் லிக்னின் இளகித்தான் கட்டையைப் பிடித்து வைக்கிறது. ஈரம் கூடினால் உள்ளே ஆவியாகி, கட்டை விரிசல் விட்டு உதிரும். 30 சதவீத ஈரத்தில் 100 கிலோ வாங்கிப் பத்துக்குக் காயவைத்தால் கையில் 78 கிலோ நிற்கும். மீதி 22 கிலோ தண்ணீருக்கும் நீங்கள் விலை கொடுத்திருப்பீர்கள், வண்டி வாடகையும் கொடுத்திருப்பீர்கள். இந்தக் கணக்கில் 2,000 டன் கட்டைக்கு 2,500 டன்னுக்கு மேல் பச்சை மார் வேண்டும்.

அறுவடையோ தை, மாசி, பங்குனியோடு சரி. வருஷம் முழுக்க ஓட்ட வேண்டுமென்றால் சேர்த்து வைக்க வேண்டும். நறுக்கிய மார் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் அடங்கும். 2,000 டன்னை ஆள் உயரத்துக்கு மேல், மூன்று மீட்டர் வரை குவித்தாலும் ஒன்றரை ஏக்கருக்கு மேல் இடம் போகும். ஐப்பசி மழைக்கு அதன் மேல் கூரை வேண்டும். தீப்பிடித்தால் காப்பீடு வேண்டும். 38 லட்சத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று அவரைக் கேளுங்கள்.

சேர்த்து வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, இதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார். மாரில் ஒட்டியிருக்கும் வெடிக்காத காய்களுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பட்டம் வரை உறங்கிக் கிடக்கும். முழு மாரை வயலோரம் போர் போட்டு வைப்பது அடுத்த வருஷப் பருத்திக்குப் புழுவை நீங்களே வளர்த்துக் கொடுப்பதுதான். அதனால் கடைசி எடுப்பு முடிந்ததும் பிடுங்கி, தூளாக நறுக்கிவிடுவதுதான் முறை.

இப்போது மானியம். அவர் சொல்லும் 35 சதவீதம் அநேகமாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்டங்கள் இதில் வரும். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35. திட்டம் உண்மையானதுதான். ஆனால் அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. உங்கள் பேரில் வங்கியில் மூன்று வருஷம் வைப்பாக இருக்கும், தொழில் நடக்கிறது என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். நடுவில் மெஷின் நின்றால் மானியமும் போச்சு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. மாவட்டத் தொழில் மையத்துக்கு நீங்களே போய்க் கேட்கலாம், இணையத்தில் நீங்களே போடலாம். இதில் 'புக்' பண்ண எதுவும் இல்லை. மானியத்துக்கு முன்பணம் என்று யார் கேட்டாலும், அவர் எவ்வளவு பெரிய கோப்பைக் கையில் வைத்திருந்தாலும், திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த 9 லட்சமும் வானத்திலிருந்து வந்ததல்ல. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில், மணிக்கு ஒரு டன் திறனுக்கு 9 லட்சம், ஆலைக்கு அதிகபட்சம் 45 லட்சம் என்று வைத்தார்கள். அது ஆலை கட்டி, ஓட்டிக் காட்டிய பிறகு வரும் பணம். அதுவரை வட்டி ஓடும். அதைவிட முக்கியம், வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்கு பி.எம்.இ.ஜி.பி. கிடையாது. இரண்டையும் கூட்டி உங்களிடம் சொன்னவருக்கு விதி தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

'அனல்மின் நிலையங்கள் வாங்கியே ஆக வேண்டும்' என்றும் சொல்லியிருப்பார், எல்லோரும் சொல்கிறார்கள். நிலக்கரியோடு 5 சதவீதம் உயிரிப்பொருள் சேர்க்க வேண்டும், அதை 7 ஆக்க வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் கொள்கை வைத்தது நிஜம். ஆனால் அவர்கள் நிலக்கரியை மாவாக அரைத்து எரிப்பவர்கள். கேட்பது பெல்லட் என்னும் விரல் பருமன் சின்ன உருளை, அதுவும் டெண்டரில், பெரிய அளவில். உங்களுக்கு விற்கப் பார்ப்பது கை பருமன் கட்டை போடும் மெஷின். சந்தையே வேறு.

சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே கையாளும் கருவிகளுக்கு 2018இல் பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசம், டெல்லிக்கு என்று தனித் திட்டமே போட்டார்கள். பெரம்பலூர்ப் புகை டெல்லிக்குப் போகாது, அதனால் நமக்கு அந்த அவசரம் இல்லை. இங்கே காசு எல்லாம் மெஷினுக்குத்தான். மாரை நறுக்க, காயவைக்க, வண்டி ஏற்ற ஆகும் கூலியை யாரும் கொடுப்பதில்லை. தொழில் சாய்வதோ அந்த மூன்று இடத்தில்தான்.

திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். 'தரத்துக்கு உட்பட்டு', 'அன்றைய சந்தை விலையில்' என்று இரண்டு சொல் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். ஈரம் பத்துக்கு மேல், சாம்பல் எட்டுக்கு மேல் என்றால் பிடித்தம், அளப்பது அவர்கள் கருவி, எடை அவர்கள் மேடை. வாங்குகிறவரே மெஷினும் விற்கிறார் என்றால் அவருடைய லாபம் எந்த வியாபாரத்தில் என்று யோசித்தாலே போதும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பம்புசெட்டுக்கான இலவச இணைப்பிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126படி அது அங்கீகாரமில்லாத பயன்பாடு, இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். தொழிற்சாலை இணைப்பு வாங்கும் செலவும் அந்த 38 லட்சத்தில் இருக்காது.

மெஷின் சரிப்பட்டு வரும் இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கழிவு ஏற்கெனவே காய்ந்து, ஒரே இடத்தில், வேறு யாருடைய செலவிலோ குவிகிற இடம். கடலை உடைக்கும் ஆலையில் தோல் அப்படிக் குவியும். மக்காச்சோளம் உதிர்க்கும் களத்தில் மணி போன கதிர்க்கட்டை குவியும். இரண்டிலும் சாம்பல் குறைவு. கடலைத்தோல் கிலோவுக்கு 4,000 கிலோ கலோரிக்கு மேல் சூடு தரும், உமி 3,000 பக்கம்தான், சாம்பலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு வரை. உமியின் சிலிக்கா மெஷினின் அச்சையும், கழிவை அழுத்தித் தள்ளும் தண்டையும் தேய்த்துத் தின்றுவிடும். அதனால் கடலை ஆலைக்காரர் ஒருவர், தோல் முழுவதையும் மூன்று வருஷத்துக்கு இன்ன விலையில் தருகிறேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்து, தன் வளாகத்திலேயே இடமும் கொடுத்து, முடிந்தால் பங்காளியாகவும் வந்தால் யோசிக்கலாம். வாய்ச்சொல் போதாது, ஏனென்றால் நீங்கள் மெஷின் போட்ட பிறகு தோலுக்கு விலை ஏறும், அப்போது அவர் நேராகப் பாய்லர்காரருக்கே விற்கலாம். ஆலை வருஷத்தில் எத்தனை மாதம் ஓடுகிறது என்பதையும் அவருடைய மின்கட்டண ரசீதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், வாயால் கேட்காதீர்கள். இது உங்கள் விஷயத்தில் இல்லை, உங்கள் கையில் இருப்பது வயல் கழிவு.

மக்காச்சோளத் தட்டையை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது மாட்டுக்கு. எரித்தாலும் அதிலிருக்கும் பொட்டாசியத்தால் சாம்பல் உருகிப் பாய்லரில் கட்டி பிடிக்கும், வாங்குகிறவர்கள் ஒருமுறை பட்டால் மறுமுறை வண்டியை உள்ளே விட மாட்டார்கள்.

பருத்தி மாருக்கு இந்தப் பட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். டிராக்டரில் இழுக்கும் மார் நறுக்கும் கருவி வாடகைக்கு இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் தனியாரிடம் பாருங்கள். நாற்பது ஏக்கருக்கும் ஒரே வாரத்தில் தேதி வைத்து, வயலிலேயே நறுக்கி, களத்தில் வெயிலில் பரப்புங்கள். மாசி, பங்குனி வெயில் இலவசம், நாலைந்து நாளில் ஈரம் நன்றாக இறங்கும். அதற்கு முன்பே ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் விறகு எரிக்கும் சாயப்பட்டறைப் பாய்லர்களையும், பக்கத்து அரிசி ஆலைகளையும் விசாரியுங்கள். அலுவலகத்தில் இருப்பவரைவிடப் பாய்லர் ஓட்டும் ஆளிடம் பேசுங்கள், தன் அடுப்புக்கு எது ஒத்துவரும் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு மூட்டை மாதிரி கொடுத்து எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூடு, சாம்பல் அளவு காகிதத்தில் வேண்டுமென்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் கல்லூரியில் விசாரியுங்கள்.

தூரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து டன் ஏற்றும் லாரியில் நறுக்காத மார் இரண்டு, மூன்று டன்தான் ஏறும், வாடகையோ முழு லாரிக்கு. நறுக்கி மிதித்து ஏற்றினாலும் வண்டி தாங்கும் எடையில் பாதிதான் வரும். வாடகை போக டன்னுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் உங்கள் விலை. அது நறுக்குகூலிகூடக் கட்டவில்லை என்றால், அந்தத் தூளை உங்கள் நிலத்திலேயே மட்க விடுங்கள், எரிப்பதைவிட அது மேல்.

கொடுத்த பத்தாயிரத்துக்கு வருகிறேன். ரசீதோ, வங்கி வழி அனுப்பிய பதிவோ இருக்கிறதா? இருந்தால், வேண்டாம், பணத்தைத் திருப்புங்கள் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், பதினைந்து நாள் கெடு கொடுங்கள். வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று அந்தப் பக்கம் வாதம் வைப்பார்கள். அதனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகத்தான் வாங்க நினைத்தேன் என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், அதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.