பெட்டி புதுசு, உள்ளே பழசு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வேறு விஷயம் எழுதுவதாக இருந்தேன். ஆனால் வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே புலம்பல்: இணையத்தில் 'புதியது' என்று பார்த்து வாங்கினேன், வந்தது யாரோ பயன்படுத்திய சாமான். சரி, அதையே பேசிவிடலாம். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன், கடைகளின் பெயர்களையும்தான்.

கேள்வி: பத்து வருடப் புகைப்படங்களைச் சேர்த்து வைக்க ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். சீல் வைத்த கவரில்தான் வந்தது. ஆனால் திருகு மாட்டும் ஓட்டைகளைச் சுற்றிக் கீறல், கேபிள் செருகும் இடத்தில் தேய்மானம். மென்பொருளில் பார்த்தால் ஓடிய நேரம் 0 மணி என்று காட்டுகிறது. விற்றவர், "எண்ணே சொல்கிறதே, கீறல் நீங்கள் மாட்டும்போது விழுந்திருக்கும்" என்கிறார். நான் கேபிளைச் செருகியதோடு சரி, திருப்புளியைக் கையிலேயே எடுக்கவில்லை.

பதில்: எண்ணை விடுங்கள், உங்கள் கண்ணை நம்புங்கள். ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கும். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை மின்சாரம் கொடுத்து எழுப்பினார்கள், உள்ளே எத்தனை இடங்கள் கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் பார்த்த அந்த 0 அங்கிருந்து வந்ததுதான். தொல்லை என்னவென்றால், விவரம் தெரிந்தவர்களால் அந்தக் குறிப்பேட்டைத் துடைத்துவிட முடியும். பழைய காரின் ஓடோமீட்டரைத் திருப்பி வைப்பார்களே, அதே வேலை.

இது கற்பனை இல்லை. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹைஸே என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இப்படி ஒரு விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது. புதியவை என்று பல கடைகளில் விற்கப்பட்ட, சீகேட் என்ற நிறுவனம் தயாரித்த டிஸ்க்குகள் உண்மையில் 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை ஓடியவை. ஒரு வருடத்துக்கே 8,760 மணி நேரம்தான், அப்படியென்றால் சில டிஸ்க்குகள் ஐந்தரை வருடத்துக்கும் மேலாக இரவு பகலாக உழைத்துவிட்டு 'புது மாப்பிள்ளை'யாக வந்து இறங்கியிருக்கின்றன. ஸ்மார்ட் கணக்கு அவற்றில் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. காட்டிக்கொடுத்தது ஃபார்ம் என்ற இன்னொரு உள் பதிவு, துடைத்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். சியா என்றொரு கிரிப்டோ நாணயத்தை உருவாக்க டிஸ்க்குகளை மலை மலையாக வாங்கி அடுக்கி, பிறகு கட்டுப்படியாகாமல் கைவிட்டார்கள், அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது சந்தேகம். அவற்றை அந்தக் கடைகளுக்குத் தாங்கள் கொடுக்கவில்லை என்றது சீகேட்.

உங்களுடையது சீகேட் என்றால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசக் கருவியின் புதிய பதிப்பில் அந்த ஃபார்ம் பதிவைப் படிக்கலாம். வேறு நிறுவனம் என்றால் டிஸ்க்கின் மேல் உள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு வாரண்டி என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள். நேற்று வாங்கிய பொருளுக்கு வாரண்டி போன வருடமே முடிந்திருந்தால், அல்லது 'இது கணினி தயாரிப்பாளருக்கு விற்றது, அவரிடமே கேளுங்கள்' என்று வந்தால், அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குத் தேவையில்லை. திரையைப் படமெடுத்து வையுங்கள்.

அப்புறம் ஒன்று, இதை எல்லோருமே கவனிக்க வேண்டும். திருப்பி அனுப்பும் படிவத்தில் காரணம் கேட்கும்போது அவசரத்தில் 'பழுது' என்பதைத் தொட்டுவிடாதீர்கள். பழுது என்றால் பேச்சு சர்வீஸ், ரிப்பேர், வாரண்டி என்று வேறு பக்கம் போய்விடும், "சோதித்தோம், நன்றாகத்தானே ஓடுகிறது" என்று பொருளைத் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். உங்கள் புகார் அது ஓடவில்லை என்பதல்ல. புதியது என்று சொல்லிப் பயன்படுத்தியதை விற்றார்கள் என்பது. 'விவரித்தபடி இல்லை' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள், விளக்கம் எழுதும் இடத்தில் "புதியது என்று விற்கப்பட்டது, பயன்படுத்தியது வந்துள்ளது" என்று ஒரே வரியில் எழுதுங்கள். கோபம், சாபம் எல்லாம் அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனது ஆகட்டும் என்று புகைப்படங்களை மட்டும் அதில் ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: புது போன், பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் வந்தது. ஆனால் கேமரா வளையத்தில் கைரேகை. உறை பிரியாதபோது உள்ளே எப்படிக் கைரேகை? நான்தான் சந்தேகப் பிராணியா?

பதில்: இல்லை. பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கிச் சுருக்கி ஒட்டும் கருவி யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண சாமான். உறை பிரியவில்லை என்பதற்குக் கடைசியாக மூடியவர் ஒழுங்காக மூடினார் என்று மட்டும்தான் அர்த்தம்.

போனிலேயே பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில் அச்சிட்ட எண்ணும் ஒன்றா? ஐபோன் 15 முதல் வந்தவற்றில் பேட்டரி எப்போது தயாரானது, முதன்முதலில் எப்போது பயன்பட்டது, எத்தனை சுற்று சார்ஜ் ஏறி இறங்கியது என்று அமைப்புகளிலேயே போட்டிருக்கும். ஐபோனில் மாடல் எண்ணின் முதல் எழுத்தும் ஒரு துப்பு: 'எம்' என்றால் கடையில் புதிதாக விற்க வந்தது, 'எஃப்' என்றால் நிறுவனமே புதுப்பித்தது, 'என்' என்றால் யாருக்கோ மாற்றுப் பொருளாகக் கொடுத்தது. லேப்டாப் வாங்குபவர்களுக்கும் வழி இருக்கிறது, விண்டோஸ், மேக் இரண்டிலுமே பேட்டரியின் சுற்று எண்ணிக்கையைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலையில் சோதிக்கும்போதே ஒன்றிரண்டு சுற்று ஏறியிருக்கக்கூடும், அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரான தேதி ஏழெட்டு மாதம் முந்தி இருந்தாலும் பரவாயில்லை, கிடங்கில் தூங்கிய சரக்கு வேறு, யாரோ பயன்படுத்திய சரக்கு வேறு. ஆனால் முதல் பயன்பாட்டுத் தேதி நீங்கள் ஆர்டர் போடுவதற்கு முந்தியது என்றால் விடாதீர்கள். இன்னொன்று, படம் எடுத்து வைக்காமல் ரீசெட் செய்யாதீர்கள். முந்தைய ஆள் விட்டுப்போன கணக்கோ புகைப்படமோ உள்ளே இருந்தால் அதோடு அழிந்துபோகும்.

கேள்வி: சட்டை வாங்கினேன். டேக் எல்லாம் சரியாகத் தொங்குகிறது, காலரில் பவுடர் கறை, போதாததற்கு சென்ட் வாசனை வேறு. வேண்டுமென்றேதான் இப்படிச் செய்கிறார்களா?

பதில்: சிலர் வேண்டுமென்றே, பலர் அலட்சியத்தால். திரும்பி வரும் பொருளை ஒருவர் பிரித்துப் பார்த்து மறுபடி புதியதாக விற்கலாமா, 'திறந்த பெட்டி' என்று விலை குறைத்துப் போடலாமா, மொத்தமாகக் கழித்துக்கட்டலாமா என்று முடிவு செய்ய வேண்டும். அவருக்கு முன்னால் அடுத்த நூறு பெட்டிகள் காத்துக்கொண்டிருக்கும். டேக் இருக்கிறதா, இருக்கிறது, மடி, போடு, அவ்வளவுதான். காலரை மோந்து பார்க்க யாருக்கு நேரம்? இதைத் தெரிந்துகொண்டே புதிய பொருளை எடுத்துக்கொண்டு அதே பெட்டியில் தன் பழைய பொருளை வைத்து அனுப்பும் கில்லாடிகளும் உண்டு. அதைக் கவனிக்காமல் அலமாரியில் ஏற்றினால், அடுத்து ஆர்டர் போடுகிறவர் தலையில் விடிகிறது.

இதில் இன்னொரு சிக்கல், ஒரே தளத்தில் பல வியாபாரிகள் விற்பது. பார்கோடு ஒன்றுதான் என்று எல்லோருடைய சரக்கையும் ஒரே இடத்தில் கலந்து வைக்கும் கிடங்குகள் இருந்திருக்கின்றன. அங்கே நீங்கள் நல்ல வியாபாரியாகத் தேடிப்பிடித்து வாங்கினாலும் கைக்கு வருவது வேறொருவர் கொண்டுவந்து போட்ட பொருளாக இருக்கலாம். அதனால் விமர்சனம் எழுதும்போது பொருளைத் திட்டாதீர்கள், சட்டை தைத்தவர் என்ன பாவம் செய்தார்? விற்றவருக்கான மதிப்பீடு என்று தனியாக இருக்கும், அங்கே எழுதுங்கள்.

கேள்வி: பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காவிட்டால் பணம் கிடைக்காதா?

பதில்: எடுத்தால் நல்லது, எடுக்கவில்லை என்பதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். எடுப்பதென்றால் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக, முகவரிச் சீட்டில் தொடங்கி பெட்டியின் எல்லாப் பக்கமும் காட்டிவிட்டுப் பிரியுங்கள். பின்னணி இசையெல்லாம் வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்கு வாங்கிய கார் இருக்கையின் பெல்ட்டில் கறை, அடியில் விரிசல் மாதிரி ஒரு கோடு. புகார் செய்தேன், "கால்வாசிப் பணம் தருகிறோம், பொருளை வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அலைச்சல் மிச்சம் என்று கணவர் சொல்கிறார்.

பதில்: உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மேசையில் கீறல் என்றால் தாராளமாக வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் ஒரு பூச்சாடி வைத்துவிடலாம். இது அப்படி இல்லை. விபத்தில் ஒருமுறை அடிபட்ட இருக்கை வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் அடுத்த முறை தாங்கும் என்று சொல்ல முடியாது. ஹெல்மெட்டும் அதே கதைதான், உள்ளே இருக்கும் நுரை அடியை வாங்கி ஒருமுறை நசுங்கத்தான் செய்யப்பட்டிருக்கிறது, நசுங்கியபின் பழைய நிலைக்கு வராது. சார்ஜரும் உப்பிய பேட்டரியும் தீப்பிடிக்கிற சங்கதி. இந்த மாதிரி உயிரோடு விளையாடும் பொருள்களில் தள்ளுபடிப் பேரமே கூடாது. முழுப் பணம், இல்லையென்றால் சீல் உடையாத வேறொன்று. மற்ற பொருள்களில் கால்வாசி அரைவாசி ஏற்றுக்கொள்வதாக இருந்தால் முதலில் ஒரு கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: வாரண்டி இன்றிலிருந்து முழுதாக இருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பிறகு பல பேர் தொகையைக் கொஞ்சம் ஏற்றுவார்கள்.

கேள்வி: பரிசாகக் கொடுக்க வாங்கிய ஹெட்போன். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் காது மெத்தையில் எண்ணெய்ப் பிசுக்கு, புளூடூத் பட்டியலில் யாருடைய பெயரோ. திருப்பும் நாள் தாண்டிவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள்.

பதில்: பெயரே இருக்கிறதா! அதைப் படமெடுத்தீர்கள் அல்லவா? திருப்பும் நாள் என்பது மனம் மாறினால் திருப்புவதற்கு அவர்கள் தரும் சலுகை. சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்பது வேறு வழக்கு, பெரும்பாலான நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கின்றன. இந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் சொல்லி, பதில் தர ஒரு தேதியும் குறிப்பிடுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமும் போகலாம். 'பொருள் விவரித்தபடி இல்லை' என்று மறுப்பு எழுப்ப விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளிலும் இடம் உண்டு, பொதுவாக 120 நாள் வரை. ஆனால் முதலில் விற்றவரிடம் கேட்டதற்கும் பொருளைத் திருப்பித் தர முன்வந்ததற்கும் வங்கி அத்தாட்சி கேட்கும், அதனால் தொலைபேசியில் தொண்டை வற்றக் கத்துவதைவிட இரண்டு வரி மின்னஞ்சல் மேல். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது, இன்றைக்கே எழுதுங்கள்.

கேள்வி: ஒரு விசேஷத்துக்காக விலை உயர்ந்த சட்டை வாங்கி, டேக்கை உள்ளே மடித்து ஒரே ஒருநாள் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினேன், பணமும் முழுதாக வந்துவிட்டது. இதில் தப்பு ஏதும் இருக்கிறதா?

பதில்: பவுடர் போடும் பழக்கம் உண்டா உங்களுக்கு? மூன்றாவது கேள்வி கேட்டவர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.