விளையாட்டு, ஓய்வு, முதுகலை – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையில் பி.பி.இ.எஸ். (உடற்கல்வி, விளையாட்டு இளங்கலை) முடித்திருக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு மற்றும் ஓய்வுநேர ஆய்வுகளில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கும். மொத்தம் 36 கிரெடிட், பாடத்துக்கு மூன்று. அதோடு புள்ளியியல், உடற்பயிற்சி உடலியங்கியல் என்று இளங்கலை அளவிலான இரண்டு பாடங்களையும் முடிக்க வேண்டும் என்று சேர்க்கைக் கடிதத்தில் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். பருவத்துக்கு நான்கு பாடம் எடுத்து மூன்றே பருவத்தில் முடித்தால் செலவு மிச்சமாகும் என்று நினைக்கிறேன். ஓய்வுநேரக் கோட்பாடு என்ற பாடத்தை விட்டுவிட்டு ஸ்போர்ட்ஸ் மார்க்கெட்டிங் எடுக்கலாமா? தீசிஸ் எழுதுவதா, இன்டர்ன்ஷிப் போதுமா? கைச்செலவுக்கு அங்கே ஏதாவது கிளப்பில் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் பயிற்சி கொடுக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானா?

க., வியாசர்பாடி

அன்புள்ள க.,

இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். நீங்கள் முதல் பருவத்திலிருந்து கணக்குப் போடுகிறீர்கள். கடைசிப் பருவத்தில் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். உங்கள் கேள்விகளில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

மூன்று பருவக் கணக்கைப் பார்ப்போம். பருவத்துக்கு 12 கிரெடிட், மூன்று பருவம், 36. காகிதத்தில் சரி. ஆனால் நிபந்தனைப் பாடங்கள் இரண்டும் அந்த 36-க்குள் வராது. பட்டத்துக்குக் கணக்கில் சேராத இளங்கலைப் பாடங்கள் அவை. புள்ளியியலை முடிக்காமல் ஆய்வு முறையியல் வகுப்பில் உட்கார விடமாட்டார்கள். ஆய்வு முறையியல் முடியாமல் தீசிஸ் தொடங்க முடியாது. ஆக, இரண்டையும் முதல் வருடத்திலேயே எடுத்தாக வேண்டும். 24-உடன் 6 சேர்த்தால் இரண்டு பருவத்தில் 30 கிரெடிட். முதுகலையில் ஒரு கிரெடிட் வகுப்புக்கு வெளியே வாரம் இரண்டு மூன்று மணி நேரப் படிப்பைக் கேட்கும். ஒன்பது கிரெடிட் எடுத்தாலே வகுப்பும் வாசிப்புமாக வாரம் 27 முதல் 36 மணி நேரம் ஆகும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவருக்கு முதுகலையில் 9 கிரெடிட்தான் முழுநேரம். அந்த அளவிலேயே நில்லுங்கள். முதுகலையில் தரப்புள்ளிச் சராசரி (4-க்கு) 3.0-க்குக் கீழே போனால் எச்சரிக்கைப் பட்டியலில் வைப்பார்கள். உதவித்தொகை இருந்தால் அதுவும் ஆட்டம் காணும்.

பாடங்கள் எல்லாப் பருவத்திலும் நடக்கும் என்றும் நினைக்காதீர்கள். சிறிய துறைகளில் ஒரு பாடம் வருடத்துக்கு ஒருமுறையோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோதான் வரும். துறைக்கு இப்போதே மெயில் போட்டு அடுத்த இரண்டு வருடத்துக்கான பாடச் சுழற்சி அட்டவணையைக் கேளுங்கள். இணையதளத்தில் இருக்கும் பாடப்பட்டியல் ‘இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லும். ‘எப்போது’ என்று சொல்லாது.

நிபந்தனைப் பாடங்களைக் குறைக்க ஒரு வழி உண்டு. பி.பி.இ.எஸ்.-இல் அளவீடும் மதிப்பீடும், உடலியங்கியல் ஆகியவற்றைப் படித்திருப்பீர்கள். அந்தப் பாடங்களின் முழுப் பாடத்திட்டத்தையும், அலகு வாரியாக, வகுப்பு நேரத்தோடு, கல்லூரி அலுவலகத்தில் முத்திரை வைத்து வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர் மட்டுமே இருக்கும். அதை வைத்து அங்கே யாராலும் முடிவெடுக்க முடியாது. டி-சோதனை, ஒட்டுறவுக் கெழு போன்ற புள்ளியியல் முறைகள் பாடத்திட்டத்தில் எழுத்தில் இருந்தால் விலக்குக் கேட்க உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது. விண்ணப்பத்தை ஜூனிலேயே அனுப்புங்கள். ஆகஸ்டில் யாரும் பொறுமையாகப் படிக்க மாட்டார்கள்.

அடுத்தது ஓய்வுநேரக் கோட்பாடு. தயவுசெய்து அதை விடாதீர்கள். ஸ்போர்ட்ஸ் மார்க்கெட்டிங்கில் படிப்பதை வேலையிலும் கற்றுக்கொள்ளலாம். கோட்பாட்டை வகுப்பில் விட்டால் பிறகு யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

அதன் பயனுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஓய்வுநேரத் தடைகள் பற்றி க்ராஃபோர்டு, காட்பி என்ற ஆய்வாளர்கள் 1987-இல் முன்வைத்த ஒரு வகைப்பாடு உண்டு. மனசுக்குள் இருக்கும் தடை, மனிதர்களுக்கு இடையிலான தடை, அமைப்பு சார்ந்த தடை என்று மூன்று. இதை வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு ஒரு மாநகராட்சி விளையாட்டுத் திடலைப் பாருங்கள். நடுவில் நாலைந்து டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நடக்கின்றன. பெண்கள் சுற்றுச்சுவரை ஒட்டி நடக்கிறார்கள், பந்து வருகிறதா என்று ஒரு கண் வைத்தபடியே. நடுத்திடலுக்கு ஒருவர்கூட வருவதில்லை. விளக்கில்லை, கழிப்பறை பூட்டியிருக்கிறது என்பது அமைப்புத் தடை. கூட வர ஆளில்லை என்பது இரண்டாவது. ‘இந்த வயசில் எனக்கெதற்கு விளையாட்டு’ என்பது முதலாவது. அரசும் தொண்டு நிறுவனங்களும் பெரும்பாலும் அமைப்புத் தடையை மட்டும் சரிசெய்துவிட்டு, பெண்கள் ஏன் வரவில்லை என்று கேட்கின்றன. 1991-இல் இதே கோட்பாட்டை ஜாக்சனோடு சேர்ந்து படிவரிசையாக வளர்த்தார்கள்: மனசுத் தடையைக் கடந்தவருக்குத்தான் அடுத்த தடையே கண்ணில் படும். இந்த வரிசை எல்லா ஊருக்கும் பொருந்துமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. சென்னையிலிருந்து போகும் ஒருவர் அதில் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது.

அதனால்தான் தீசிஸ் எழுதுங்கள் என்கிறேன், ஒரு நிபந்தனையோடு: பி.எச்டி. எண்ணமோ, கொள்கை ஆய்வு வேலையில் விருப்பமோ இருந்தால் மட்டும். மைதான மேலாண்மை, போட்டி ஏற்பாடு என்று போகிறவருக்கு இன்டர்ன்ஷிப்தான் கதவைத் திறக்கும்.

தீசிஸ் என்றால் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஐஆர்பி, அதாவது மனிதர்களிடம் ஆய்வு செய்வதற்கு அனுமதி தரும் பல்கலைக்கழகக் குழு. மே மாதம் ஊருக்கு வருவார்கள். திடலில் நூறு பேரிடம் வினாத்தாள் நிரப்பி வாங்குவார்கள். திரும்பிப் போய் அனுமதிக்கு விண்ணப்பிப்பார்கள். அனுமதிக்கு முன் திரட்டிய தரவைத் தீசிஸில் பயன்படுத்த விடமாட்டார்கள். ஒரு கோடை முழுக்க வீண். ஆகவே ஆய்வு நெறிமுறைப் பயிற்சியை முதல் பருவத்திலேயே முடித்துவிட்டு, பிப்ரவரிக்குள் விண்ணப்பத்தைக் கொடுங்கள். சென்னையில் தரவு என்றால் ஒப்புதல் படிவம் தமிழிலும் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து ஒருவர் தமிழாக்க, ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களிடம் கேட்பதானால் பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் இரண்டும் தேவை. முதல் ஆய்வுக்குப் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்டர்ன்ஷிப் என்றால் சிபிடி. வளாகத்துக்கு வெளியே படிப்பின் பகுதியாக வேலை செய்வதற்கான அனுமதி அது. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்தபிறகே தருவார்கள். எந்த நிறுவனம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது உங்கள் ஐ-20-இல் (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) பதிவாக வேண்டும். பதிவாகும் முன் ஒரு நாள் போனாலும் விதிமீறல். சம்பளமில்லாத இடம் என்றாலும் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்டுவிட்டே போங்கள். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி கிடைக்காது. கோடையில் கிரெடிட்டுக்காகச் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்குக் கட்டணமும் உண்டு. அதை உதவித்தொகை ஏற்குமா என்று முன்பே கேளுங்கள்.

உங்கள் ஐ-20-இல் படிப்புத் துறையைக் குறிக்கும் சிஐபி எண் என்று ஒன்று அச்சாகியிருக்கும். 31.0504 விளையாட்டு மேலாண்மை, 31.0101 பொழுதுபோக்கும் ஓய்வும். இவை ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. ஆகவே ஓபிடி 12 மாதம்தான். உடற்பயிற்சி உடலியங்கியல் 26.0908 என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். இதற்காகத் துறையை மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. கடன் வாங்கிப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய எண் இது.

பயிற்சி கொடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள். வளாகத்துக்கு வெளியே கிளப்பில் காசு வாங்கிப் பயிற்சி கொடுப்பது, சனிக்கிழமை ஆட்டத்துக்கு ரெஃப்ரியாக நின்று பணம் வாங்குவது எல்லாம் அனுமதியில்லாத வேலைதான். விசா நிலையே போய்விடும். நல்ல மாற்று வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பல்கலைக்கழக உடற்பயிற்சி மையத்தில் மேற்பார்வையாளர், மாணவர் லீக் ஆட்டங்களின் நடுவர் போன்ற வேலைகள். பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை செய்யலாம். சிபிஆர் (இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி) சான்றிதழ் கேட்பார்கள். இந்த வேலைதான் பிறகு பட்டதாரி உதவியாளர் பணிக்கும் ஏணியாகும்.

சின்ன விஷயங்கள்: முழுநேரக் கணக்கில் பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான், அதாவது 3 கிரெடிட்தான் ஏற்பார்கள். கடைசிப் பருவத்தில் ஒரே பாடம் மிச்சமிருந்தால் அது ஆன்லைனாக இருக்கக் கூடாது. ஒரு பாடத்தைக் கைவிட வேண்டுமென்றால் முதலில் சர்வதேச அலுவலகம், பிறகே பேராசிரியர். தடுப்பூசிச் சான்று இல்லாததால் பாடப்பதிவு முடங்குவது வழக்கம். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி இரண்டு தவணையும் தேதியோடு இங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இவற்றை வைத்து முதல் பருவத்துக்கு என் பரிந்துரை: ஓய்வுநேரக் கோட்பாடு, விளையாட்டின் சமூகவியல், புள்ளியியல். புள்ளியியலுக்கு விலக்குக் கிடைத்தால் அந்த இடத்தில் ஆய்வு முறையியல். இளங்கலைப் பாடத்தை முழுநேர 9 கிரெடிட்டில் சேர்ப்பார்களா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்க்க மாட்டோம் என்றால் நான்காவதாக ஒரு முதுகலைப் பாடம் எடுக்க வேண்டிவரும். அப்போது வளாக வேலையை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

விமானம் ஏறும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. சென்னையில் ஆய்வு செய்வதென்றால் எந்தத் திடல் யார் கையில் என்று குறித்துக்கொள்ளுங்கள். நேரு பூங்கா, வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்றவை தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம். தெருமுனைத் திடல்களில் பல மாநகராட்சியிடம். சில பள்ளி நிர்வாகங்களிடம். ஐஆர்பி கேட்கும் அனுமதிக் கடிதத்தை அந்தந்த அலுவலகம்தான் தர வேண்டும். அங்கிருந்து மெயிலில் கேட்பதைவிட, இப்போது நேரில் போய் எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவது சுலபம்.