ஒளியை மட்டும் அளந்தால் விண்மீனின் எடை தெரியுமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். முற்றத்தில் கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஸீட்டா ஃபீனிசிஸைப் படம் எடுக்கிறேன். ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்கள் அவை, மாறி மாறி ஒன்றை மற்றொன்று மறைக்கும். ஒளி மங்கி மீள்வது தெரிகிறது. இதை வைத்து அந்த இரு விண்மீன்களின் அளவையும் எடையையும் கண்டுபிடிக்கலாமா?

பதில்: பாதி முடியும், மீதிக்கு வேறு கருவி வேண்டும். ஒளியின் ஏற்ற இறக்கம் விகிதங்களைத்தான் சொல்லும், கிலோமீட்டரைச் சொல்லாது. மறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, நேரத்துக்கு எதிராக ஒளியை வரைந்தால் கோடு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதிலிருந்து ஒவ்வொரு விண்மீனின் ஆரமும் இரண்டுக்கும் உள்ள இடைத்தூரத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிடலாம். பாதையின் சாய்வும் அதிலேயே கிடைக்கும். இரு மறைப்பிலும் மறையும் பரப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஆழமான (ஒளி அதிகம் மங்கும்) மறைப்பில் ஒளிந்துகொள்வதுதான் சூடான விண்மீன்.

அதற்கு இரண்டு மறைப்பும் கையில் இருக்க வேண்டும். ஆழமானதை மட்டும் பிடித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சுற்றுக்காலம் 40 மணி 4½ நிமிடம். நவம்பரில் ஒருநாள் நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு ஆழமான மறைப்பு அமைந்தால், அன்றிரவே 9 மணியளவில் ஆழம் குறைந்தது வந்துவிடும். மூன்று சுற்று முடிய 5 நாளும் 13 நிமிடமும் ஆகும். அதனால் டர்பன் மேகம் ஓரிரவைக் கெடுத்தாலும் ஐந்து நாள் கழித்துக் கிட்டத்தட்ட அதே நேரத்தில் பிடித்துவிடலாம்.

ஒப்பிட, பக்கத்திலுள்ள ஈட்டா ஃபீனிசிஸையும் (ஒளியளவு 4.36) அதே படத்தில் சேர்த்து எடுங்கள். இரண்டும் வெண்மை சார்ந்தவை, அதனால் நிறவேறுபாடு தொல்லை தராது. ஃபோகஸைக் கொஞ்சம் தளர்த்தி, ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப்பதிவாக) எடுத்து, பச்சை நிறத்தை மட்டும் அளங்கள்.

சரி, எடைக்கு வருவோம். அதற்கு நிறமாலை, அதாவது நிறங்களாகப் பிரித்த ஒளி, வேண்டும். சதர்லாந்து வானாய்வகத்தில் செய்வது போல, அதிலுள்ள கருங்கோடுகள் நீலப்பக்கமும் சிவப்புப்பக்கமும் நகர்வதை அளந்தால் வேகம் கிடைக்கும். இங்கே இரண்டின் வேகத்தையும் கூட்டினால் நொடிக்குச் சுமார் 330 கி.மீ. அதைச் சுற்றுக்காலத்தின் நொடிகளால் பெருக்கி, 2π-ஆல் வகுத்தால் இடைத்தூரம் 75 லட்சம் கி.மீ.க்குச் சற்று மேல் வரும். தூரமும் காலமும் தெரிந்தால் கெப்ளரின் மூன்றாம் விதி மொத்த நிறையைத் தந்துவிடும். யார் மெதுவாக ஓடுகிறாரோ அவரே கனமானவர். வேக விகிதத்தைத் தலைகீழாக்கினால் நிறை விகிதம். இப்படிக் கிடைத்த நிறைகள் சூரியனைப்போல் சுமார் 3.9 மடங்கும் 2.5 மடங்கும்.

நிறமாலைக் கருவி இல்லாவிட்டாலும் உங்கள் அளவீட்டைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஆரங்கள் இடைத்தூரத்தில் ஏறக்குறைய 0.26, 0.17 பங்கு என்று வர வேண்டும். வெகுவாக விலகினால் கணக்கைக் குடையும் முன் படத்தைப் பாருங்கள்: விண்மீனின் நடுப்புள்ளிகள் வெளுத்துப்போயிருந்தால் அந்த அளவு செல்லாது.