டிஏசி 0808 சிப்பில் 0–10 வோல்ட் பெறுவது எப்படி?

சோமனூர் வாசகர் ஒருவர், விசைத்தறிக்குப் பாவு ஓட்டும் இயந்திரத்தின் மோட்டார் வேகத்தை 8051 மைக்ரோகண்ட்ரோலர் வழியாக மாற்ற விரும்புகிறார். மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் டிரைவுக்கு வேகக் கட்டளையாக 0 முதல் 10 வோல்ட் வரை வேண்டும். எண்ணை மின்னோட்டமாக மாற்றும் டிஏசி 0808 சிப்பின் வெளியீடான 4ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 5 கிலோ ஓம் மின்தடையை இணைத்தால், மின்னழுத்தம் மைனஸில் வருவதோடு பாதிக்கு மேல் சீராகவும் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறார்.

சிப்பில் பழுதில்லை. அது மின்னோட்டத்தை வெளியே தள்ளுவதில்லை, உள்ளே இழுக்கிறது. ஆகவேதான் மைனஸ் வருகிறது. மைனஸ் சப்ளை 12 வோல்ட்டாக இருக்கும்போது 4ஆம் காலின் மின்னழுத்தம் மைனஸ் 5 வோல்ட்டுக்கும் பிளஸ் 0.4 வோல்ட்டுக்கும் இடையில்தான் இருக்கலாம். சிப்பின் முழு மின்னோட்டமான 2 மில்லி ஆம்பியர் 5 கிலோ ஓமில் 10 வோல்ட்டை உண்டாக்கும் என்பதால், பாதி வழியிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது.

எனவே 4ஆம் காலை ஆப்-ஆம்ப் எனும் பெருக்கிச் சிப்பின் மைனஸ் உள்ளீட்டில் இணைத்து, பிளஸ் உள்ளீட்டைக் கிரவுண்டில் இட்டு, வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு ஒரு பின்னூட்ட மின்தடையைப் போடுங்கள். அப்போது அந்தக் கால் ஏறத்தாழ 0 வோல்ட்டிலேயே நிற்கும். வெளியீடு பிளஸ் பக்கமே ஏறும். ஆப்-ஆம்ப்பாக எல்எம் 358 போதும். 12 வோல்ட் சப்ளையில் அது சுமார் 10.5 வோல்ட் வரை தரும்.

முழு அளவைத் தீர்மானிப்பது 14ஆம் காலில் நுழையும் ரெஃபரன்ஸ் மின்னோட்டம். 5 வோல்ட் ரெஃபரன்ஸிலிருந்து 2.49 கிலோ ஓம் வழியாக 2 மில்லி ஆம்பியர் கொடுத்து, பின்னூட்டத்துக்கு 4.99 கிலோ ஓம் வைத்தால் உச்சம் 9.98 வோல்ட். இரண்டும் ஒரே வகை 1 சதவீத மெட்டல் ஃபிலிம் மின்தடைகளாக இருக்கட்டும். இங்கே கணக்கில் வருவது அவற்றின் விகிதமே என்பதால், பட்டறைச் சூட்டில் இரண்டும் சேர்ந்து மாறினாலும் வெளியீடு அவ்வளவாக நகராது. லாஜிக் சப்ளையின் 5 வோல்ட்டை ரெஃபரன்ஸாக எடுக்கவே கூடாது. அதன் இரைச்சல் முழுவதும் மோட்டார் வேகத்தில் தெரியும். 15ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு அதே 2.49 கிலோ ஓமும், 16ஆம் காலுக்கும் 3ஆம் காலுக்கும் இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் வேண்டும்.

வாசகர் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 8051 ரீசெட் ஆகும்போது அதன் போர்ட்டுகள் எல்லாம் 1 நிலைக்குப் போகும். போர்ட்டை டிஏசி சிப்புடன் நேரடியாக இணைத்திருந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் டிரைவுக்கு முழு வேகக் கட்டளை போகும். பாவில் கை வைத்திருப்பவருக்கு அது ஆபத்து. இடையில் 74எச்சி240 இன்வெர்ட்டிங் பஃபர் போட்டு, நிரலில் எண்ணைத் தலைகீழாக்கி எழுதினால் ரீசெட்டில் வெளியீடு 0 ஆகவே இருக்கும். டிரைவின் ஓட்டக் கட்டளையையும் தனி ரிலே வழியாகக் கொடுங்கள்.

டிரைவை இணைக்கும் முன் மீட்டரில் பாருங்கள்: சிப்புக்கு 0 முதல் 255 வரையிலான எண்களில் 128 போகும்போது சுமார் 5 வோல்ட் வர வேண்டும். 1 போகும்போதே 5 வோல்ட் வந்தால் பிட் வரிசை தலைகீழாக இணைந்திருக்கிறது; இந்தச் சிப்பில் உயர்ந்த பிட் 5ஆம் காலிலும் தாழ்ந்த பிட் 12ஆம் காலிலும் உள்ளன.