கடைசி இருபது நிமிடம்

கேள்வி: பெரம்பூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். 38 பிள்ளைகள். நாள் முழுக்க நன்றாகத்தான் போகிறது, கடைசிப் பீரியடில்தான் எல்லாம் கலைகிறது. வாட்டர் பாட்டிலைக் காணோம், டைரி எழுதவில்லை, 'மிஸ், இவன் அடிச்சுட்டான்', நடுவில் வேன் பிள்ளைகள் வேறு கிளம்ப வேண்டும். தினமும் கத்திக் கத்தித்தான் அவர்களை வீட்டுக்கு அனுப்புகிறேன். ராத்திரி படுத்தால் அது மனசை உறுத்துகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் டைரி எழுதும் வேலையைக் கடைசிப் பீரியடிலிருந்து எடுத்துவிடுங்கள். கணக்கு முடிந்த கையோடு கணக்கு ஹோம்வொர்க், தமிழ் முடிந்ததும் தமிழ் ஹோம்வொர்க் என்று அப்போதைக்கப்போதே எழுத வைத்தால், சாயங்காலம் 38 டைரியும் ஒரே நேரத்தில் உங்கள் மேசைக்கு வராது. பை கட்டுவதும் அப்படித்தான். பையைத் தோளில் மாட்டிய பிள்ளையின் மனசு அப்போதே கேட்டைத் தாண்டிவிடும், அதற்கப்புறம் நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அதனால் மணிக்கு 20 நிமிடம் முன்னாலேயே டிபன் பாக்ஸ், பாட்டில், தொலைந்த ரப்பர் எல்லாம் பார்த்து, பைகளைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, வெறும் கையோடு தரையில் வட்டமாக வந்து உட்காரச் சொல்லுங்கள். முதல் வேன் முன்னதாகவே கிளம்பும் என்றால் இன்னும் கொஞ்சம் முன்னால் தொடங்குங்கள். வேன் பிள்ளைகள் மட்டும் தினமும் இதை இழக்கக் கூடாது.

வட்டத்தில் ஆளுக்கு அரை நிமிடம் பேசினாலும் 38 பேருக்கு 19 நிமிடம் ஆகும், நடக்கிற காரியமில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர், நாலு நிமிடம் போதும், வெள்ளிக்கிழமைக்குள் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். 'இன்னைக்கு என்ன படிச்ச?' என்று கேட்டால் அது இன்னொரு பரீட்சை. 'உனக்கு இன்னைக்கு யார் உதவி செஞ்சாங்க?' என்று கேளுங்கள். நான் டீச்சராக இருந்தபோது வாயே திறக்காத ஒரு சிறுமி, தன் முறை வரும்போதெல்லாம் 'நாளைக்குச் சொல்றேன் மிஸ்' என்றுதான் சொல்வாள், நானும் விட்டுவிடுவேன். அரையாண்டுப் பரீட்சை நெருங்கும்போது ஒரு நாள், எப்போதும் திட்டு வாங்கும் ஒரு பையனைக் காட்டி, 'நான் விழுந்தப்போ அவன்தான் தூக்கிவிட்டான்' என்றாள். அந்தப் பையன் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சண்டை, புகார் எதையும் வட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள், அதையெல்லாம் பை கட்டும்போதே தனியாகக் கேட்டு முடித்துவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கிளாஸ் லீடர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதி வைக்கும் பெயர்களை, பிள்ளைகள் வட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அழித்துவிடுங்கள். தன் பெயர் பலகையில் இருக்க வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு அன்றைய நாள் முழுக்க அந்தப் பெயர்தான். அதேபோல ஃபேனை நிறுத்துவது, குப்பை பொறுக்குவது, பெஞ்சை நேராக்குவது எல்லாம் சுற்று முறையில் எல்லோருக்கும் வர வேண்டும், உங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். துடைப்பம் எப்போதும் அதே நாலு பிள்ளைகள் கைக்குப் போனால் அது அநியாயம். ஏன் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளே சேர்ந்து வகுப்பறையைச் சுத்தம் செய்வதும், வீட்டுக்குப் போகும் முன் 'கயேரி நோ காய்' என்று சின்னதாக ஒரு கூட்டம் போடுவதும் தினசரி வழக்கம்.

மிச்ச நேரத்தில் ஒரு கதை. முழுசாகச் சொல்லாமல், கிணற்றுக்குள் யார் கூப்பிட்டது என்கிற இடத்தில் 'தொடரும்' என்று நிறுத்துங்கள், மறுநாள் லீவு போட யோசிப்பார்கள். அப்புறம் மணி அடித்ததும் கும்பலாக விடாமல் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அனுப்புங்கள். வணக்கமா, கை தட்டலா என்பதை அந்தப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

முடிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் பணியாற்றியவர்களும் 1993-ல் வெளியிட்டது. 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே நீரைக் கொஞ்சமே கொஞ்சம் சூடாக்கி இன்னும் 30 விநாடி. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வலி அதிகம்தான், ஆனால் முடிந்த விதம் கொஞ்சம் இதமாக இருந்தது. பிள்ளைகளின் நாளும் அப்படி நினைவில் நிற்கும் என்று நான் நம்புகிறேன்.

முதல் இரண்டு வாரம் சத்தம் இருக்கும், விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்டில் குடையோடு கூட்டம் நிற்க, 'எங்கம்மா வந்துட்டாங்களா' என்று பிள்ளைகள் ஜன்னலையே பார்ப்பார்கள். அந்த நாட்களில் வட்டத்தைக் கைவிடவே கூடாது.

கேள்வி: பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் என் மகன் 'ஒண்ணுமில்ல' என்கிறான். இரண்டாம் வகுப்பு.
– ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: வண்டியில் ஏறியதும் கேட்காதீர்கள் சார். ஏதாவது சாப்பிடக் கொடுத்து, அரை மணி நேரம் சும்மா விடுங்கள். அப்புறம் 'இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்த?' என்று தொடங்கிப் பாருங்கள்.