லாப நோக்கம் இல்லாவிட்டால் போதுமா?

கேள்வி: இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகேன் லாப நோக்கமற்ற அமைப்பு. எந்த அரசின் பிடியிலும் இல்லாமல், விஷயம் தெரிந்தவர்கள் அதை நடத்துகிறார்கள். பிறகு ஏன் அங்கே பொதுமக்களுக்கும் இடம் வேண்டும் என்று எழுதுகிறீர்கள்? அவர்கள் அங்கே போய் என்ன செய்துவிடப் போகிறார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவர்களுக்குப் போதிய இடமில்லாதபோது என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊர் நூலகத்தை நடத்தும் ஓர் அறக்கட்டளையின் நன்கொடை ரசீதைப் பாருங்கள். அடியில் அச்சிட்டிருக்கும் இணைய முகவரி பெரும்பாலும் 'டாட் ஆர்க்' என்றே முடியும். பெயர்ப்பலகையிலும் கடிதத்தாளிலும் பல ஆண்டுகளாக இருக்கும் அந்த முகவரியை, அதற்கு ஆண்டுதோறும் கட்டும் கட்டணம் கூடிவிட்டது என்பதற்காக ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் இப்படி முடிகின்றன. 2003 முதல் இவற்றின் பதிவேட்டை நடத்திவருவது பப்ளிக் இன்டரெஸ்ட் ரெஜிஸ்ட்ரி. அதன் தாய் அமைப்பு இன்டர்நெட் சொசைட்டி. இருவருக்கும் மேலே ஒப்பந்தம் வழங்குவது ஐகேன். சட்டப்படி மூன்றுமே லாப நோக்கமற்றவை.

2019 ஜூன் 30 அன்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்த ஐகேன், ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கட்டணத்தை உயர்த்தக்கூடாது என்றிருந்த வரம்பை நீக்கியது. அதற்கு முன் மக்கள் கருத்தைக் கேட்டது, 3,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை வேண்டாம் என்றன, வரம்பு போய்விட்டது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, நவம்பரில் அந்தப் பதிவேட்டு நிறுவனத்தையே ஈதோஸ் கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக இன்டர்நெட் சொசைட்டி அறிவித்தது. வாங்கும் தொகையில் 36 கோடி டாலர் கடன்; அதையும் பதிவேட்டின் தலையிலேயே கட்டுவதாக இருந்தார்கள். அந்தக் கடனும் வட்டியும் கடைசியில் யாருடைய ரசீதுப் புத்தகத்திலிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2020 ஏப்ரல் 30 அன்று ஐகேன் இந்தக் கைமாற்றத்துக்கு ஒப்புதல் மறுத்தது உண்மைதான். தொண்டு நிறுவனங்கள் மாதக்கணக்கில் போராடியதும், அந்த முடிவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் கலிஃபோர்னியா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஒப்புதல் தரக்கூடாது என்று கடிதம் எழுதியதும் அதற்கு முன் நடந்தவை. ஐகேன் அந்த மாநிலச் சட்டப்படி பதிவான அமைப்பு என்பதால் அவருக்கு மேற்பார்வை அதிகாரம் இருந்தது. எந்த அரசின் பிடியிலும் இல்லை என்கிறீர்களே, உலகத்தின் பொதுநலனை அன்று காத்தது ஓர் அமெரிக்க மாநிலத்தின் சட்டம். சென்னையிலோ நைரோபியிலோ இருப்பவர் அந்த அதிகாரியைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, நாளை அவர் வேறு முடிவெடுத்தால் கேட்கவும் முடியாது. நல்லபடியாக முடிந்துவிட்டதே என்று இதில் நிம்மதி கொள்ள என்னால் முடியவில்லை.

பொதுமக்களுக்கு ஐகேனில் இடமே இருந்ததில்லை என்பதும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் உலகை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து, இணையப் பயனாளர்களின் நேரடி வாக்கெடுப்பில் ஐந்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து தேர்வான கார்ல் அவர்பாக் என்ன செய்தார் தெரியுமா? அமைப்பின் கணக்குகளையும் ஆவணங்களையும் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நிபந்தனை போடாமல் காட்ட மறுத்தார்கள். இயக்குநராக இருந்துகொண்டே நீதிமன்றம் போய், 2002 ஜூலையில் அந்த உரிமையைப் பெற்றார். அதே ஆண்டில்தான் சீர்திருத்தம் என்ற பெயரில் அந்தத் தேர்தல் முறையையே கைவிட்டார்கள். பொதுமக்கள் போய் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள், இதைத்தான் செய்வார்கள்.

இப்போது ஐகேனின் இயக்குநர் குழுவில் வாக்குரிமை உள்ளவர்கள் 16 பேர். அவர்களில் பயனாளர் தரப்பு தானே தேர்ந்தெடுத்து அனுப்புவது ஒரே ஒருவரை. கட்டண வரம்பை எடுக்காதீர்கள் என்று 2019-இல் எழுதிய அத்தனை பேருக்கும் அந்தக் குழுவில் இருந்தது அந்த ஒரு வாக்குதான்.